அடியெடுத்துக் கொடுத்தவள்

ஓல்டன்புர்க் நகர நாடகசாலைக்கு வருஷக்கணக்காக வந்து போனவர்களுக்குக்கூட, அல்முட் த்யார்க்ஸ் என்று ஒருத்தி அங்கே இருப்பது தெரியாது. மேடையின் முன் விளிம்பில் ஒரு குழி. அதன்மேல் ஆமை ஓடு கவிழ்த்த மாதிரி ஒரு மூடி. சபைக்கு அந்த ஓட்டின் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்குள்ளே முழங்காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மேலே ஆடுகிறவர்களின் பாவாடைப் புழுதியை மூக்கில் வாங்கிக்கொண்டு, நடிகனுக்கும் பாடகனுக்கும் மறந்துபோன சொல்லை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

நடிக்கத்தான் ஆசைப்பட்டாள். சின்ன வயசில் வந்த தொண்டை அடைப்பான் ஆளை விட்டுவைத்து குரலைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சினது ஒரு நூல். யுத்தம் முடிந்த வருஷம், அவள் வசனம் படித்துக் காட்டியபோது இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். "மாடி வரிசைக்கு உன் குரல் ஏறாது பொண்ணே. ஆனா எந்த ஆளைப் பார்த்துப் பேசறியோ அந்த ஆள் காதுக்குள்ள நேரா போகுது" என்றார். அன்றைக்கே குழிக்குள் இறக்கிவிட்டார்கள். அதிலேயே கால் நூற்றாண்டு போயிற்று.

அந்த வேலையில் இருப்பவளுக்கு ஒன்று பழகிப்போகும். மறக்கப்போகிறவனை அவன் மறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கண் எதையும் பார்க்காமல் ஒரு நொடி நிற்கும். மூச்சு பாதியில் தங்கும். அந்த நேரத்தில் சொல் போய்ச் சேர வேண்டும். முந்தினால் அவனைக் குழப்பும். பிந்தினால் சபைக்குத் தெரிந்துபோகும்.

அவள் புருஷன் ஃபோக்கோ ரயில்வேயில் கைகாட்டி போடுகிறவன். பிள்ளைகள் இல்லை. ஹுன்டே ஆற்றுத் துறைமுகத்துக்குப் பின்னால் செங்கல் வீடு. எழுபத்தொன்றாம் வருஷ நவம்பரில் ஒரு நாள் மத்தியானம், அவள் கோஸ்கீரையைக் கொழுப்போடு வேகவைத்துக்கொண்டிருந்தபோது, யோஸ்ட் லாம்ப்ரெக்ட் வந்து கதவைத் தட்டினார். நாடகசாலையில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பழக்கிவிடுகிறவர். குடையை மடக்காமலே உள்ளே வந்துவிட்டார்.

"ஃப்ராவ் த்யார்க்ஸ், பக்கம் திருப்பற வேலை செய்வீங்களா?"

எதற்கு என்று கேட்டாள். அக்கரைப் பாடல்கள் என்றார் அவர். லூடோல்ஃப் ப்ரெய்சிங் பாடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை, அரண்மனைக் கூடத்தில். வானொலி நேரடியாக ஒலிபரப்புகிறது. அந்த ஒலிப்பதிவையே இசைத்தட்டாகவும் போடப்போகிறார்கள்.

இதெல்லாம் ஊருக்கே தெரிந்த செய்தி. ப்ரெய்சிங் இந்த ஊர் மேடையில் தொடங்கி, பெரிய நகரங்களுக்குப் போய், அறுபது தாண்டியதும் திரும்பி வந்து குடியேறினவர். இருபது வருஷத்துக்கு முன் அவர் பாடிய அக்கரைப் பாடல்கள் தட்டு ஊரில் பாதி வீட்டில் இருந்தது. ஒரு குரல், ஒரு பியானோ, பதினாறு பாட்டு. ஓர் ஓடக்காரன், தினமும் அவன் படகில் சந்தைக்குப் போகும் ஒரு பெண். அவன் மனசில் உள்ளதைச் சொல்லாமலே இருக்கிறான். ஒரு நாள் அவள் மணக்கோலத்தில் வருகிறாள். கல்யாணக் கூட்டத்தை அவனே அக்கரை சேர்க்கிறான். கடைசியில் ஆற்றுக்குப் பாலம் வந்துவிடுகிறது. கச்சேரியின் நடுவில் யாரும் கைதட்ட மாட்டார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இருமிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மழைக்கால ஞாயிறுகளில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து அந்த ஓடக்காரன் கேட்பான். ப்ரெய்சிங் எந்த அடியில் மூச்சு வாங்குவார் என்று தபால்காரருக்குக்கூடத் தெரியும்.

"பக்கம் திருப்ப இசைப்பள்ளிப் பசங்க யாராவது கிடைக்க மாட்டாங்களா?" என்றாள் அல்முட்.

லாம்ப்ரெக்ட் உட்கார்ந்தார். கோடையில் ஒரு காலை ப்ரெய்சிங்குக்கு வலது கை மரத்துப்போயிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து சொற்கள் நழுவுகின்றன. ராகம் ஒரு இழை பிசகவில்லை. சொல் மட்டும் போய்விடுகிறது.

"நேத்து துடுப்புன்னு பாட வேண்டிய இடத்துல கரண்டின்னு பாடினார்" என்றார் லாம்ப்ரெக்ட். "அதே உருக்கம், அதே குரல். கரண்டி. பாடினது அவருக்கே தெரியலை. நானும் சிரிக்கலை, ஃப்ராவ் த்யார்க்ஸ். நிறுத்தாம வாசிச்சுக்கிட்டே போனேன்."

கச்சேரியை நிறுத்தச் சொல்லலாமே என்றாள். லாம்ப்ரெக்ட் சொன்னாராம், பியானோ மூடியை அவர் கைமேலேயே சாத்தப் பார்த்தாராம் ப்ரெய்சிங். புத்தகம் பார்த்துப் பாடலாமே? முப்பது வருஷமாகப் பாராமல் பாடியவர் கையில் புத்தகத்தைப் பார்த்தால் முதல் வரிசைக்கே விஷயம் தெரிந்துவிடும். பாடகர் பியானோவின் வளைவில் நிற்பார். பக்கம் திருப்புகிறவள் பியானோக்காரருக்குப் பக்கத்தில் இருப்பாள். ப்ரெய்சிங் முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் அவள் உதடு தெரியும். ஆனால் சத்தம் வரக் கூடாது. மைக் எலி மூச்சு விட்டாலும் பிடித்துவிடும்.

சரி என்று அவள் சொன்னது ஏன் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை. குழியே இல்லாத மேடையில் ஒரு மனிதன் சொல்லை மறந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுதான் காரணமாக இருக்கும்.

ஃபோக்கோவுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. கீரையைத் தட்டில் அளைந்துகொண்டே கேட்டான்.

"மாட்டிக்கிட்டா? ஊரையே ஏமாத்தினதுல உன் பேரும் வருமே."

"என் பேரு யாருக்குத் தெரியும்?"

"அதுவும் சரிதான். இத்தனை வருஷமா உன்னைக் குழிக்குள்ள பதுக்கி வச்சது இந்தத் திருட்டுக்குத்தான் போல" என்றான்.

ஒத்திகை ப்ரெய்சிங்கின் வீட்டில் நடந்தது. அவர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. முதல் பாட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டார்.

"நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா, எதிர்ல உட்கார்ந்து வாயசைக்கறதுக்கு?"

"பிள்ளைங்க மறந்தா எல்லாரும் சிரிப்பாங்க, ஹெர் ப்ரெய்சிங்" என்றாள் அல்முட். "நீங்க மறந்தா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. எனக்கு அதுதான் பயம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு லாம்ப்ரெக்டைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து என்று விரலால் காட்டினார்.

ப்ரெய்சிங்கின் மனைவி ஹெட்டா அடிக்கடி உள்ளே வந்துபோனது பெரிய தொல்லை. கப்பில் கற்கண்டு போட்டு, தேநீரை ஊற்றி, மேலே பாலாடையை மெல்ல விட்டுத் தானே கொண்டுவந்து கொடுப்பாள். காலடிச் சத்தம் கேட்டதும் அல்முட் உதட்டை மூடிக்கொண்டு தாளைப் பார்ப்பாள். "பக்கம் திருப்பறதுக்கு இத்தனை ஒத்திகையா?" என்று ஹெட்டா ஒரு நாள் சிரித்தாள். "எங்க வீட்டு மனுஷர் முன்னெல்லாம் இப்படிக் கிடையாது. இப்ப எதைக் கேட்டாலும் 'அது', 'அந்த இது'ன்னு ஒத்தை வார்த்தைல முடிச்சுடறார். வயசானா ஆம்பிளைங்களுக்கு வாய் சுருங்கிடும் போல." அல்முட் கப்புக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் பழைய தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டாள். எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று மனப்பாடம் செய்தாள். ஒத்திகையில் அது உதவவில்லை. தட்டில் ஓடக்காரன் ஒரே மூச்சில் கடந்த அடியை இப்போது அவர் மூன்றாக உடைத்தார். அவள் தட்டின் கணக்குக்கு உதட்டைத் திறக்க, அவர் வேறெங்கோ இருந்தார்.

"அந்தத் தட்டைக் கேட்டுட்டு வர்றீங்களா?" என்றார் ப்ரெய்சிங்.

"தினமும்."

"கேட்காதீங்க. அதுல பாடறவன் செத்துப்போயிட்டான். செத்தவன் சும்மா இருக்கானா? வீட்டுக்கு வீடு பாடிக்கிட்டிருக்கான். நான் வாயைத் திறந்தா, ஜனங்க அவன் குரலைத்தான் கேட்கறாங்க. எனக்கு வந்து வாய்ச்ச எதிரி அவன்தான்."

அன்றிலிருந்து அவள் தட்டைத் தொடவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். நாளாக நாளாக, கண் நிற்கும் அந்த நொடி எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று பிடிபட்டது. வீட்டுப் பொருளின் பெயர்கள் வரும் இடங்கள் மோசம்: கயிறு, விளக்கு, துடுப்பு. இருட்டு, காத்திருப்பு, வேண்டாம் என்பவை தடையில்லாமல் வந்தன.

சனிக்கிழமை ஒலி சரிபார்த்தார்கள். வானொலிக்காரர்களின் வண்டி அரண்மனை முற்றத்தில் நின்றது. ஒலிப்பதிவுப் பொறுப்பாளர் நீபூர், ஒல்லியான மனிதர், வண்டிக்குள்ளிருந்து கூடத்துக்கு வந்து, நேரே அல்முட்டிடம் நின்றார்.

"உங்க பக்கத்துலேருந்து உதடு ஒட்டிப் பிரியற மாதிரி ஒரு சத்தம் வருது. ஏதாவது மெல்றீங்களா?"

இல்லை என்றாள்.

"அப்ப பின்னால தள்ளி உட்காருங்க. பக்கம் திருப்பறப்ப மட்டும் எழுந்து வந்தா போதும்."

லாம்ப்ரெக்ட் குறுக்கே விழுந்தார். தனக்கு ஆள் பக்கத்தில் இருந்தால்தான் வாசிக்க வரும் என்றார், அப்படித்தான் பழக்கம் என்றார், கடைசியில் கத்தவே தொடங்கிவிட்டார். நீபூர் புருவத்தைத் தூக்கி அவரையும் அல்முட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பேரம் பேசி, நாற்காலி ஒரு முழம் பின்னால் போயிற்று. அந்த ஒரு முழத்தில் காரியம் கெட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் உயரமான ஜன்னல். வெளிச்சம் பின்னாலிருந்து விழ, அவள் முகம் நிழலாகிவிட்டது. ப்ரெய்சிங் வளைவில் நின்று பார்த்துவிட்டு, தலையை மெல்ல இல்லை என்று ஆட்டினார்.

அன்று சாயங்காலம் அவள் நாடகசாலைக்குப் போய், ஒப்பனை அறையிலிருந்து மேடைக்குப் போடும் கருஞ்சிவப்பு உதட்டுச் சாயத்தையும் வெள்ளைப் பவுடரையும் கேட்டு வாங்கிவந்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று பூசிக்கொண்டபோது ஃபோக்கோ சீருடைப் பொத்தானைப் போட்டபடியே பின்னால் வந்து நின்றான்.

"நீ இப்படிப் போனா பாதிரியார் எனக்கு இரங்கல் சொல்ல வந்துடுவார்" என்றான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் தோளில் கை வைத்தான். "கைகாட்டிக் கேபின்ல ரேடியோவைக் கொண்டுபோய் வச்சிருக்கேன். பதினொரு மணிக்கு வண்டி எதுவும் கிடையாது."

கூடம் நிரம்பியிருந்தது. ஈரக் கோட்டு வாசம். முதல் வரிசையில் ஹெட்டா, சாம்பல் பட்டுச் சட்டையில். அறிவிப்பாளர் மெதுவான குரலில் பேசி முடித்தார். கதவோரம் சிவப்பு விளக்கு எரிந்தது. லாம்ப்ரெக்ட் தொடங்கினார்.

முதல் ஐந்து பாட்டு ஒரு தடங்கலும் இல்லை. குரல் பழையதுபோல் பளபளக்கவில்லை, ஓரங்கள் தேய்ந்திருந்தன. ஆனால் ஓடக்காரனுக்கே வயசாகிவிட்ட மாதிரி அது பொருந்தியது. ஆறாவதில் விளக்கு என்ற சொல்லுக்கு முன் கண் நின்றது. அல்முட் உதட்டைக் குவித்தாள். அவர் முகம் திரும்பியது, சொல் வந்தது. யாருக்கும் தெரியவில்லை. பாட்டு முடிந்து சபை இருமியது. லாம்ப்ரெக்டின் பிடரியில் வேர்வை இறங்குவதை அவள் பார்த்தாள்.

ஒன்பதாவதில் அவர் ஒரு சரணத்தையே விட்டுவிட்டு நேரே முடிவுக்குத் தாவிவிட்டார். லாம்ப்ரெக்டின் கை அந்தரத்தில் ஒரு கணம் தயங்கி அவரைப் பின்தொடர்ந்து தாவியது. அல்முட் இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினாள். தாள் சரசரத்தது. வெளியே வண்டிக்குள் நீபூர் அதைக் கேட்டிருப்பார். சபையில் ஓரிருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் ஊர் அல்லவா.

கல்யாணக் கூட்டத்தைப் படகில் ஏற்றும் பதின்மூன்றாவது பாட்டு வந்தது. நிற்க நேரமில்லாத ஓட்டம். வரிக்கு வரி பொருள்களின் பெயர்: மாலை, பிடில், கூடை, ரொட்டி. ப்ரெய்சிங் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவளும் உதட்டை மூடவில்லை. தாள் திருப்பும் இடம் வந்தது. எழுந்தால் உதடு அவருக்கு மறைந்துபோகும். அவள் எழவில்லை. லாம்ப்ரெக்ட் அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து வாசித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தப் பாட்டு முடிந்தபோது சபை இருமவில்லை. முதல் வரிசையில் ஹெட்டா, கணவனைப் பார்க்காமல் அல்முட்டின் சிவந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டு பியானோ இல்லாமல் தொடங்கும். முதல் அடியைக் குரல் மட்டும் தனியே எடுக்க வேண்டும்.

ப்ரெய்சிங் எடுக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டார். அல்முட் உதட்டை அசைத்தாள்; மூடிய கண்ணுக்கு உதடு எதற்கு? லாம்ப்ரெக்ட் ஒரு சுரத்தை மெல்ல அழுத்தினார். அது கரைந்துபோயிற்று. இன்னொரு தடவை அழுத்தினார். கூடத்தில் யாரோ நாற்காலியை அசைத்தது இடி மாதிரி கேட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ப்ரெய்சிங்கின் கை பியானோ விளிம்பைப் பற்றியிருந்தது. நாடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை அடுப்படிகளில் மனிதர்கள் வேலையை நிறுத்திவிட்டு ரேடியோவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அல்முட்டுக்குத் தோன்றியது.

அவள் எழுந்து நின்றாள். ஓரடி முன்னே வந்தாள்.

"இனி" என்றாள்.

குழியிலிருந்து சொல்கிற அதே குரல்தான், அதே நூல். ஆனால் அந்த நிசப்தத்தில் அது கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

ப்ரெய்சிங் கண்ணைத் திறந்தார். சபைக்கு முதுகு பாதி தெரிய, முழுசாக அவள் பக்கம் திரும்பினார்.

"இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று பாடினார்.

அவள் அடுத்த அடியைச் சொன்னாள். அவர் பாடினார். ஒளிக்க இனி ஒன்றுமில்லை. ஆறு இருக்கிறது என்று அவள் சொல்ல, ஆறு இருக்கிறது என்று அவர் பாட, படகு இருக்கிறது என்று அவள் சொல்ல, கூப்பிடும் குரல்தான் இல்லை என்று அவரே, அவள் சொல்வதற்கு முன்பே, பாடினார். அடி அடியாகப் பாட்டு முழுவதும் அப்படியே நடந்தது. லாம்ப்ரெக்ட் இருவருக்கும் இடம் விட்டு வாசித்தார். ஒரு பேச்சுக் குரலும் ஒரு பாட்டுக் குரலும், ஒன்றன் பின்னால் ஒன்று.

முடிந்தபின் வெகுநேரம் யாரும் கைதட்டவில்லை. யாரோ ஒருவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு எங்கிருந்தோ கைதட்டல் தொடங்கியது, திக்கித் திக்கி. சிவப்பு விளக்கு அதற்குள் அணைந்திருந்தது.

பின்னறையில் ப்ரெய்சிங் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஹெட்டா உள்ளே வந்தாள். கணவனிடம் போகவில்லை. அல்முட்டின் முன்னால் வந்து நின்றாள்.

"என்னிக்கிலேருந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே. ஒவ்வொரு நாளும் கோட்டை மாட்டிவிட்டு வாசல் வரைக்கும் வந்து அனுப்பினேனே. என் வீட்டுக்காரருக்கு மூளையில ஏதோ ஆகியிருக்குன்னு ஊரோட சேர்ந்து முதல் வரிசையில உட்கார்ந்துதான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அல்முட் ஏதோ சொல்ல வந்தாள்.

"பேசாதீங்க" என்றாள் ஹெட்டா. "இன்னிக்குப் பேசினதே போதும். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். நீங்க பக்கத்தைத் திருப்பிக்கிட்டிருந்தீங்க."

அது நியாயம் என்று அல்முட்டுக்குத் தெரிந்தது. நியாயமாக இருந்ததால்தான் தாங்க முடியவில்லை. கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே தெருவில் நடந்தாள். சாயம் கன்னமெல்லாம் தீற்றிக்கொண்டது.

ஃபோக்கோ வேலை முடிந்து வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே அடுப்படியில் உட்கார்ந்தான்.

"நீ குடுத்துக்கிட்டே வந்தே, அவர் வாங்கிக்கிட்டே வந்தார்" என்றான். "ஒரு கட்டத்துல யாரு பாடறாங்க, யாரு சொல்றாங்கன்னே எனக்குத் தெரியலை. சரக்கு வண்டிக்காரன் கைகாட்டி விழலைன்னு ஊதிக்கிட்டே நின்னான்."

அவள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் நீபூர் எல்லோரையும் அதே கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். காலி நாற்காலிகள். புத்தகத் தாங்கி ஒன்று வைத்திருந்தார்கள். விடுபட்ட சரணத்தையும் கடைசிப் பாட்டையும் ப்ரெய்சிங் புத்தகம் பார்த்துப் பாடினார். படிக்கிறபோது சொற்கள் அவருக்குக் கீழ்ப்படிந்தன. ஒலிநாடாவை வெட்டி ஒட்டினார்கள். தட்டு வெளிவந்தபோது அதில் ஒரு பிசகும் இல்லை. நல்ல தட்டு என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஞாயிறு ஒலிபரப்பைப் பற்றி ஒரு பத்திரிகை, சபையை ஏமாற்றிய செயல் என்றது. இன்னொன்று, அந்தப் பாட்டை அப்படி ஒரு தடவை கேட்டவர்கள் இனி வேறு மாதிரி கேட்க மாட்டார்கள் என்றது. அல்முட் அந்தத் திங்கட்கிழமை பக்கம் திருப்ப மட்டும் போனாள். ஹெட்டா அவள் இருந்த திசைக்கே பார்வையைத் திருப்பவில்லை.

நாடகசாலை நிர்வாகி கூப்பிட்டு, வெளி வேலைக்குப் போனது ஒழுங்குக்கு விரோதம் என்று கண்டித்தார். கண்டித்து முடித்ததும், அவளுடைய குரலைத் தன் அம்மா மிகவும் ரசித்ததாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் குழிக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு சில நடிகர்கள் மேடைக்கு ஏறுமுன் குனிந்து அவளுக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ப்ரெய்சிங் மறுபடி மேடை ஏறவில்லை. ஊரில் அவரைப் பார்த்தவர்கள் தொப்பியைத் தொட்டு விலகினார்கள். ஹெட்டா எதிரே வந்தால் அல்முட் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அல்முட் ஓய்வு பெற்ற வசந்தத்தில், துறைமுகத்து வீட்டு வாசலில் ஹெட்டாவே வந்து நின்றாள். இளைத்திருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"பக்கவாதம் ரெண்டாவது தடவை வந்துடுச்சு" என்றாள். "இப்ப வாயே திறக்கறதில்ல. ஆமாம் இல்லைகூட இல்ல. பசிக்குதா, வலிக்குதான்னு கேட்டா சுவரைப் பார்க்கறார். டாக்டர் அவ்வளவுதாங்கறார்." நிறுத்தி, மிகுந்த பிரயாசையோடு சொன்னாள்: "உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

அல்முட் கோட்டை எடுத்துக்கொண்டாள்.

ப்ரெய்சிங் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அல்முட் அவர் எதிரே முழங்கால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் முகத்தை மட்டும் பார்த்தாள். கண் நின்றிருந்தது, ஆனால் எதையும் பார்க்காத நிலையில் இல்லை, தேடிக்கொண்டிருந்தது.

"இனி" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஹெட்டா கதவில் சாய்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அல்முட் மறுபடி சொன்னாள், இந்த முறை முதல் சுரத்தில், தன் உடைந்த குரலால் இழுத்து. பாட்டாக ஒன்றைச் சொல்வது அவளுக்கு அதுவே முதல் தடவை. அவருடைய மார்பு ஏறியது. "இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று அடி முழுவதும் வந்தது, கரகரத்து, ஆனால் ஒரு சொல் பிசகாமல்.

டாக்டருக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஹெட்டாவுக்கு வேறு யோசனை. பாட்டில் வந்தால் சொல் வருகிறதல்லவா? தெரிந்த மெட்டில் "பசிக்குதா" என்று இழுத்துக் கேட்டால் என்ன? சிரிப்பாகத்தான் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம், ஓடக்காரனின் காலைப் பாட்டு மெட்டில், "சூப்பில் உப்பு இல்லை" என்று ப்ரெய்சிங் பாடினார். ஹெட்டா அழுதுகொண்டே உப்பு எடுக்கப் போனாள்.

அல்முட் செவ்வாயும் வெள்ளியும் போய்வந்தாள். ஹெட்டா அவளை மன்னித்ததாக ஒரு நாளும் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவந்து வைப்பாள், அல்முட் குடிப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடிற்று. எழுபத்தைந்தாம் வருஷ இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மழைக் கோட்டைக் கழற்றாமல் நடையில் நிற்கும்போது, உள்ளே ஹெட்டாவின் குரல் கேட்டது. கல்யாணப் பாட்டை அவளே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுருதி சேரவில்லை. கூடை வர வேண்டிய இடத்தில் ரொட்டியைச் சொன்னாள். ப்ரெய்சிங் ஒரு கணம் காத்திருந்து, "கூடை" என்று திருத்தியே பாடினார். பிறகு மூக்கால் ஒரு சத்தம், அது சிரிப்பு. ஹெட்டாவும் சிரித்தாள். "சரி சரி, உங்க இஷ்டப்படி கூடை" என்றாள்.

அல்முட் கோட்டுப் பொத்தான்களை மறுபடி போட்டுக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தாள். ஃபோக்கோவுக்கு அன்று மத்தியான வேலை இல்லை. சீக்கிரம் வந்துவிட்டாளே என்று அவன் கேட்டதற்கு, இனி வாரத்துக்கு ஒரு நாள் போனால் போதும் என்றாள்.